அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அம்மாவ கூட்டிட்டு அந்த தெருவுல ஒரு தடவ நடந்து பாருங்க

நீங்க கேட்டது இதுதான். வீட்டுல அஞ்சு பேர், நீங்களும் உங்க மனைவியும் வேலைக்கு போறீங்க, பெரிய பொண்ணு நாலாவது, சின்னவன் யூகேஜி, அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. கிழக்கு தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவுல அரை கிரவுண்டுல, அதாவது 1200 சதுர அடி மனைல, ஒரு டூப்ளெக்ஸ் வீடு (உள்ளயே படி வச்சு கீழயும் மேலயும் சேர்ந்த வீடு) பாத்திருக்கீங்க. புரோக்கர் குடுத்த நோட்டீஸ்ல ஸ்டேஷன் 10 நிமிஷம், ஸ்கூல் 5 நிமிஷம், ஆஸ்பத்திரி 5 நிமிஷம், மார்க்கெட் 10 நிமிஷம்னு இருக்கு, வீடும் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, அட்வான்ஸ் குடுக்கலாமா, வேற என்ன பாக்கணும்னு கேட்டிருக்கீங்க.

நான் 2004ல இந்த பக்கம் குடி வந்தேன். தொழிலே வீடு கட்டிக் குடுக்குறதுதான், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென்னு இதே சுத்துவட்டாரத்துல இருபது வருஷமா சைட் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க. ஏன்னா இது வாழ்நாள்ல ஒரு தடவ பண்ற செலவு, இதுல தப்பு பண்ணிட்டு கண்ணு கலங்கி நின்னவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன்.

முதல்ல அந்த நிமிஷ கணக்க மறந்துடுங்க. அது ஞாயித்துக்கிழமை காலைல பைக்ல போய் எடுத்த கணக்கு. காலைல எட்டரை மணிக்கு கேம்ப் ரோடு சிக்னல்ல நின்னு பாத்தீங்கன்னா 10 நிமிஷம்னா என்னன்னு தெரியும். அதோட நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்கு கிளம்பி ராத்திரிதான் வருவீங்க, உங்களுக்கு அந்த ஏரியா தூங்குற இடம். பகல் முழுக்க அங்க இருக்க போறது அம்மா, சாயங்காலம் வெளையாட போறது பசங்க. அதனால எது எவ்ளோ தூரம்ங்கறத அம்மா நடந்து போற தூரத்துலயும் சின்னவன் தனியா போயிட்டு வர்ற தூரத்துலயும் அளக்கணும். நான் வீடு காட்டுற எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன்.

ஆனா அதுக்கும் முன்னாடி தண்ணி. வீட்டுக்கு வர்ற தண்ணி ஒண்ணு, மழை பெஞ்சா வீட்ட சுத்தி போற தண்ணி ஒண்ணு. போற தண்ணிய முதல்ல சொல்றேன், ஏன்னா வர்ற தண்ணிக்கு காசு குடுத்தாவது வழி பண்ணிடலாம், போற தண்ணிக்கு வழி இல்லேன்னா நம்மளால ஒண்ணுமே பண்ண முடியாது.

இது முழுக்க ஏரி ஊரு. சேலையூர் ஏரி நிரம்பினா தண்ணி ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கு வரும், அங்கேந்து செம்பாக்கம், அப்புறம் நன்மங்கலம், கடைசியா பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இப்படி படிக்கட்டு மாதிரி ஒண்ணுக்கு கீழ ஒண்ணா இறங்கி போகும், சிட்லபாக்கம் ஏரி தண்ணியும் செம்பாக்கத்துக்குதான் வந்து சேரும். அந்த காலத்துல ஒவ்வொரு ஏரிக்கும் கரைக்கு கீழ வயலு, மதகுலேர்ந்து வாய்க்கால், கலங்கல்லேர்ந்து உபரி போற கால்வாய்னு இருந்துச்சு, இப்ப வயலெல்லாம் நகர் ஆயிடுச்சு, வாய்க்கால் பல இடத்துல தெரு ஆயிடுச்சு, ஆனா தண்ணிக்கு தெருப் பேரு தெரியாது இல்லையா, அது பழைய வழியிலயேதான் போகும். அதனால நீங்க பாத்திருக்குற வீடு ஏரிக்கு எந்த பக்கம், கரைக்கு கீழயா, கலங்கல் தண்ணி போற வழிலயா, இல்ல ஏரிக்குள்ள தண்ணி வர்ற பக்கமான்னு தெரிஞ்சுக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க.

2015ல டிசம்பர் 1ம் தேதி காலைலேந்து 2ம் தேதி காலைக்குள்ள தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. ரயில்வே லைனுக்கு மேற்கால முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு பொங்கி ஜனங்க மொட்டை மாடில நின்னதையும் போட் வந்து கூட்டிட்டு போனதையும் டிவில பாத்திருப்பீங்க. கிழக்கு பக்கம் அந்த மாதிரி ஆறு கிடையாது, அத வச்சுதான் இங்க எல்லாரும் "இது மேடு சார், பயமே வேண்டாம்"னு சொல்றாங்க. மொத்தமா பாத்தா அது சரிதான், ஆனா மேட்டுக்குள்ளயே பள்ளம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல மூணாவது படி வரைக்கும் வந்து தண்ணி நின்னுடுச்சு, நாலு வீடு தள்ளி ஒரு டீச்சரம்மா வீட்டுல கட்டில் முங்கி, மெத்தை மிதந்து, அவங்க பொண்ணோட கல்யாண ஆல்பம் மொத்தமும் ஒட்டிப் போச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல 150 அடி கூட இருக்காது. ஒரே தெரு, ஒரே நகர், மனை விலையும் ஒண்ணுதான்.

இத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க, புதுசா பெயின்ட் அடிச்ச வீட்டுல ஒண்ணும் தெரியாது. அதனால நீங்க வாங்க போற வீட்ட விட்டுட்டு அக்கம்பக்கத்து வீடுங்கள பாருங்க. முதல்ல ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. சாதாரணமா நம்ம கண்ணுக்கு நேரா, கையெட்டுற உயரத்துல இருக்கும். ஒரு தெருவுல நாலஞ்சு வீட்டுல மீட்டர் பெட்டிய தலைக்கு மேல தூக்கி வச்சிருந்தா, பழைய இடத்துல சிமென்ட் பூசின சதுரம் தெரிஞ்சா, அங்க ஒரு தடவ தண்ணி மீட்டர் வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம். மோட்டார செங்கல் மேடை கட்டி அதுமேல வச்சிருக்காங்களா, வாசல் கேட்டுக்கு அடில பலகை சொருகுறதுக்கு ரெண்டு பக்கமும் இரும்பு பட்டை அடிச்சிருக்காங்களா, இன்வெர்ட்டர் மாடிப்படில இருக்கான்னு பாருங்க. பக்கத்துல காலி மனை இருந்தா அதோட காம்பவுண்டு சுவத்துல கீழேந்து ஒரு உயரம் வரைக்கும் கருப்பா பாசி படிஞ்சு கோடு போட்ட மாதிரி இருக்கும், அந்தக் கோட்டுக்கு நேரா கைய வச்சுட்டு நீங்க வாங்க போற வீட்டு ஹால் தரை அதுக்கு மேலயா கீழயான்னு பாருங்க. இதுக்கு இன்ஜினியர் தேவையில்ல, அஞ்சு நிமிஷ வேலை.

அதோட ரோடு லெவல். இந்த பக்கம் ரோடு போடும்போது பல இடத்துல பழைய ரோட சுரண்டாம அதுமேலயே போடுறாங்க. சுரண்டிட்டுதான் போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை அனுப்பியும், உள் தெருவுல அது எல்லா தடவையும் நடக்குறதில்ல. நான் வந்தப்போ எங்க வீட்டு வாசல்ல அஞ்சு படி, இப்ப மூணு தான் இருக்கு, மீதி ரெண்டு ரோட்டுக்குள்ள போயிடுச்சு. அதனால பழைய வீடு வாங்குனா ரோட்டுலேந்து ஹால் தரை குறைஞ்சது ரெண்டரை அடி, முடிஞ்சா மூணு அடி உயரம் இருக்கணும், அதுக்கு கீழன்னா பத்து வருஷத்துல ஜாக்கி வச்சு வீட்ட தூக்குறவங்களத்தான் கூப்பிடணும், அது லட்சக்கணக்குல செலவு வைக்கிற வேலை, அதுல வர்ற விரிசல் தனி கதை.

வீட்ட தவிர நிலத்தோட பழைய சர்வே நம்பர வாங்கி கிராம வரைபடம், எஃப்எம்பி ஸ்கெட்ச் (அந்த சர்வே நம்பரோட எல்லையும் அளவும் காட்டுற படம்), ஏ ரிஜிஸ்டர் (நிலம் என்ன வகைன்னு எழுதியிருக்குற வருவாய்த்துறை பதிவேடு) மூணையும் பாருங்க. மனைக்குள்ளயோ ஒட்டியோ வாய்க்கால், ஏரி புறம்போக்கு, மேய்க்கால்னு எது வந்தாலும் எழுந்து வந்துடுங்க, விலை எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம்.

இப்ப வர்ற தண்ணி. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர்லதான் வந்துச்சு, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சியும் மாடம்பாக்கம், சிட்லபாக்கம் மாதிரி அஞ்சு பேரூராட்சியும் ஒண்ணா சேர்த்து 70 வார்டு. பேரு ஒண்ணா ஆயிடுச்சே தவிர குழாயும் சாக்கடையும் அந்தந்த பழைய ஊரு எப்படி வச்சிருந்துச்சோ அப்படியேதான் பல இடத்துல இருக்கு. ஒரு தெருவுல பாலாத்து தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அடுத்த தெருவுல வாரத்துக்கு ஒரு தடவ, அந்த இணைப்புல சேராத ஊராட்சிப் பக்கம் போனா வேற கணக்கு. அதனால "கார்ப்பரேஷன் வாட்டர் இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எத்தன நாளைக்கு ஒரு தடவ, எத்தன மணிக்கு, எத்தன குடம்னு கேளுங்க, அதையும் அந்த தெருவுல தண்ணி பிடிக்கிற அக்காங்ககிட்ட கேளுங்க.

போர் தண்ணிய நீங்களே சோதிச்சு பாருங்க. தாம்பரம் பல்லாவரம் பக்கமெல்லாம் அடில கருங்கல் பாறை, சில மனைல 40 அடிலயே பாறை தட்டும், சில இடத்துல பாறை வெடிப்புல நல்ல ஊத்து கெடைக்கும், பக்கத்து மனைல ஒண்ணுமே இருக்காது. ஒரு வெள்ளை பக்கெட்ல போர் தண்ணிய பிடிச்சு ராத்திரி முழுக்க மூடாம வச்சிருங்க, காலைல மஞ்சளா மாறி அடில துரு மாதிரி படிஞ்சா இரும்பு இருக்கு. சோப்பு நுரை வரலேன்னா, குழாய் வாய்ல வெள்ளையா பொடி கட்டியிருந்தா அது கடினத் தண்ணி, நாம உப்புத் தண்ணின்னு சொல்றது. அப்புறம் ஒரு பாட்டில்ல எடுத்துட்டு போய் லேப்ல குடுத்து டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு மொத்தம்), கடினத்தன்மை ரெண்டும் பாருங்க, குடிக்கிற தண்ணிக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்ங்கறதுதான் இந்திய தர நிர்ணய கணக்கு, வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும், கடினத்தன்மை 200, வழியில்லேன்னா 600. இந்த டெஸ்ட்ட மே மாசத்துல எடுத்தாதான் உண்மை தெரியும், டிசம்பர்ல எல்லா போரும் நல்ல போர்தான். மே மாசம் வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா 2019 ஜூன்ல என்ன பண்ணீங்கன்னு அந்த தெருக்காரங்கள கேளுங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு சென்னையே தண்ணி லாரிக்கு நின்ன வருஷம் அது, அந்த வருஷம் லாரி வாங்காம சமாளிச்ச தெருன்னா அது நல்ல தெரு, யோசிக்கவே வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு தொட்டி 2003லேந்து தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் கட்டாயம். ஆனா நிறைய வீட்டுல மாடி பைப்ப கொண்டு போய் தெருவுல விட்டுட்டு ஒரு ரிங்க மட்டும் கணக்குக்கு புதைச்சிருப்பாங்க. மூடிய தூக்கி பாருங்க, உள்ள ஜல்லி மணல் இருக்கா, பைப்பு உண்மையிலயே அதுக்குள்ளதான் வருதான்னு.

கழிவுநீர் விஷயத்துல பாதாள சாக்கடை இந்த பக்கம் எல்லா தெருவுக்கும் வரல, அதனால பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். அரை கிரவுண்டு மனைல செப்டிக் டேங்க் ஒரு மூலை, போர் ஒரு மூலை, இருக்குறதே 30க்கு 40 அடி, ரெண்டையும் எவ்ளோ தள்ளினாலும் தள்ளி வைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க டேங்க்க உங்க போர ஒட்டி வச்சிருந்தா உங்க தண்ணி கெட்டுச்சு. போர்கிட்ட நின்னுட்டு நாலு பக்கத்து வீட்டு டேங்க் மூடியும் எங்கன்னு கண்ணால பாருங்க. அப்புறம் அந்த டேங்க்க எடுக்குற லாரி உங்க தெருவுக்குள்ள நுழையுமான்னு பாருங்க, அதுலேந்து தெரு அகலத்துக்கு வர்றேன்.

தெரு அகலம் பத்தி பேசும்போது எனக்கு எங்கப்பாதான் ஞாபகம் வருவாரு. நாங்க முதல்ல வாடகைக்கு இருந்தது ஒரு 16 அடி தெரு. ஒருநாள் விடிகாலைல அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆம்புலன்ஸ் சீக்கிரமாவே வந்துடுச்சு, ஆனா தெரு முனைல ஒரு வேன் நிறுத்தியிருந்ததால உள்ள வர முடியல. பிளாஸ்டிக் நாற்காலில அப்பாவ உக்கார வச்சு நானும் எதிர் வீட்டு அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிட்டு ஓடினோம், நடுவுல அப்பாவோட ஒரு செருப்பு கழண்டு விழுந்துச்சு, அவரு வலியிலயும் "செருப்பு, செருப்பு"ன்னு கைய காட்டினாரு. பொழைச்சுட்டாரு, அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தாரு. ஆனா அந்த நிமிஷத்துலேந்து நான் 20 அடிக்கு குறைஞ்ச தெருவுல யாருக்கும் வீடு வாங்க சொன்னதில்ல, 30 அடி ரோடுன்னா ரொம்ப நல்லது. பேப்பர்ல 20 அடின்னு இருக்கும், ஆனா ஒவ்வொருத்தரும் வண்டி ஏத்துறதுக்கு சாய்தளம்னு மூணு அடி வெளிய இழுத்திருப்பாங்க, அதுபோக கார் நிறுத்தியிருப்பாங்க. டேப் எடுத்துட்டு போய் அளங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல அளங்க, அப்பதான் எல்லா காரும் வந்து நின்னிருக்கும்.

இப்ப அம்மாவோட நடை. ஒரு நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்மாவ அந்த வீட்டு வாசல்ல இறக்கி விடுங்க, நீங்க பின்னாடி பேசாம நடங்க. பால் பூத் எங்க, மளிகை கடை எங்க, ரேஷன் கடை எங்க, மெடிக்கல் ஷாப் எங்க, காய் வண்டி வருதா, கோயில் எங்க, பஸ் ஸ்டாப் எங்கன்னு அவங்களே கேட்டு கேட்டு போகட்டும். எந்த இடத்துல மூச்சு வாங்கி நிக்கிறாங்க, நின்ன எடத்துல உக்கார ஒரு திண்ணையோ மரத்தடியோ இருக்கா, எங்க தயங்கி உங்க கைய பிடிக்கிறாங்கன்னு பாருங்க, கைய பிடிக்கிற எடம்தான் நாளைக்கு அவங்க தனியா தாண்டாத எடம். என் அனுபவத்துல வயசானவங்களுக்கு அரை கிலோமீட்டருக்குள்ள இருக்குறது மட்டும்தான் இருக்குறதா அர்த்தம், அதுக்கு அந்தாண்ட எவ்ளோ பெரிய சூப்பர் மார்க்கெட் இருந்தாலும் யாராவது கூட்டிட்டு போனாத்தான். எங்கம்மா மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு தினமும் நடந்து போவாங்க, சோழர் காலத்து கோயில், தூங்குற யானையோட பின்பக்கம் மாதிரி வளைஞ்ச தூங்கானை மாட விமானம், தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு, வெளிய பெரிய கூட்டம் இருக்காது. அங்க கல்லு மேல உக்காந்து நாலு பேர்கிட்ட பேசிட்டு வந்தாத்தான் அவங்களுக்கு ராத்திரி தூக்கமே வரும். மழை பெஞ்சு ரெண்டு நாள் போக முடியலேன்னா வீட்டுல அத்தன பேர் மேலயும் கோவம். அந்த நடை தூரத்துக்காகவே நான் இந்த வீட்ட கட்டினேன்னு கூட சொல்லலாம்.

ஆஸ்பத்திரின்னு நோட்டீஸ்ல போடுறது பெரும்பாலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரி பேரு, அது எமர்ஜென்சிக்கு. தினசரிக்கு உங்களுக்கு வேண்டியது சாயங்காலம் ஆறு மணிக்கு உக்கார்ற ஒரு டாக்டரும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும்தான். அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருந்தா அங்க பதிஞ்சு வைங்க, 2021 ஆகஸ்ட்லேந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து குடுக்குறாங்க, வசதி இருக்குறவங்க கூட தாராளமா வாங்கலாம். முட்டி வலிக்கு தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, 2005ல திறந்தது, நம்ம பக்கத்து பெரியவங்க நிறைய பேர் அங்கதான் போறாங்க, காலைல சீக்கிரம் போயிடணும். பெரிய பிரச்சனைன்னா எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு போகணும்னு இப்பவே விசாரிச்சு வைங்க, குரோம்பேட்டை மெயின் ரோடு பக்கம் போகணும்னா ரயில்வே லைன தாண்டணும், கிழக்குலேந்து மேற்க போற அந்த ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க.

பசங்க விஷயத்துல ஸ்கூல் பக்கத்துல இருக்காங்கறத விட, வேளச்சேரி தாம்பரம் மெயின் ரோட்ட தாண்ட வேண்டியிருக்காங்கறதுதான் கேள்வி. ரோட்டுக்கு இந்த பக்கம் ஒன்றரை கிலோமீட்டர்ல ஸ்கூல் இருந்தா கூட பரவால்ல, அஞ்சாறு வருஷத்துல பொண்ணு சைக்கிள்ல போயிடுவா, அந்த பக்கம் 400 மீட்டர்ல இருந்தாலும் பன்னெண்டாவது வரைக்கும் வேன்தான். வேன்காரர் நம்பர வாங்கி உங்க தெருவுக்கு எத்தன மணிக்கு வருவீங்கன்னு கேட்டுடுங்க, முதல் ஸ்டாப்பா இருந்தா யூகேஜி பையன ஆறரைக்கு எழுப்பணும்.

பார்க் பத்தி ஒரு விஷயம். 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா பத்து சதவீதம் இடத்த பொது இடமா விட்டு உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கணும். சின்ன சின்ன லேஅவுட்டா பிரிச்சிருந்தா அந்த இடமே இருக்காது, இந்த பக்கம் பத்து பதினஞ்சு மனை நகர்தான் ஜாஸ்தி. புரோக்கர் "பக்கத்துல பார்க்"னு காட்டுறது யாரோட காலி மனையோ, நாளைக்கு அதுல மூணு மாடி எழும்பும். அதனால அப்ரூவல் பிளான்ல பச்சை கலர் அடிச்ச இடம் இருக்கா, அது நேர்ல வேலி போட்டு இருக்கான்னு ரெண்டையும் பாருங்க. அது இல்லேன்னா ஏரிக் கரை இருக்கான்னு பாருங்க. சிட்லபாக்கத்துல 2019ல ஊர்க்காரங்களே ஏரிக்குள்ள இறங்கி குப்பை வாரினாங்க, அதுக்கப்புறம் அரசாங்கமும் பணம் ஒதுக்கி வேலை நடந்துச்சு. அந்த மாதிரி ஜனங்க இறங்கி வேலை பாக்குற ஏரியாவுக்கு என் மனசுல ஒரு தனி மரியாதை உண்டு, அங்க வீடு வாங்குறவங்களுக்கு நான் தைரியமா சொல்லுவேன்.

ஆபீஸ் போக்குவரத்து பத்தி நீங்களே விசாரிச்சிருப்பீங்க, சுருக்கமா சொல்றேன். தாம்பரத்துலேந்து பீச்சுக்கு 1931லேந்து மின்சார ரயில் ஓடுது, நம்ம ஊரோட உயிரே அதுதான், மழைல ரோடெல்லாம் நின்னாலும் பல நாள் ரயில் ஓடியிருக்கு. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் ஆபீஸ்னா மேடவாக்கம் வழி, அந்த ரோட்ட சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவ வண்டி ஓட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. தெற்கு மாவட்டத்துக்கு போற பஸ் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசிலேந்து படிப்படியா கிளாம்பாக்கத்துக்கு வந்துடுச்சு, தெற்குப் பக்கம் சொந்த ஊரு இருந்தா அது நமக்கு பெரிய லாபம், கோயம்பேடு போன காலத்த நெனச்சா.

வீட்டுக்குள்ள வந்தா டூப்ளெக்ஸ்னு சொன்னதும் எனக்கு முதல் கவலை அம்மாதான். கீழ ஒரு பெட்ரூம் இருக்கா, அதோட ஒட்டின பாத்ரூம் இருக்கா, அதுல வெஸ்டர்ன் டாய்லெட் போட்டிருக்கா, கதவு அகலம் வாக்கர் போற அளவுக்கு இருக்கான்னு பாருங்க. நிறைய டூப்ளெக்ஸ்ல கீழ ஹால், கிச்சன், மாடிப்படிக்கு அடில ஒரு சின்ன கக்கூஸ், பெட்ரூம் எல்லாம் மேல. போட்டோல அழகா இருக்கும், முட்டி வலிக்காரங்களுக்கு அது ஜெயில் மாதிரி. கிச்சன்ல பகல் பன்னெண்டு மணிக்கு லைட் போடாம கறிவேப்பிலை ஆய முடியுதான்னு பாருங்க. பக்கத்து மனை காலியா இருந்தா அதுல நாளைக்கு சுவர் எழும்பினா உங்க ஜன்னலுக்கு என்ன வெளிச்சம் மிஞ்சும்னு இப்பவே கணக்கு போடுங்க. மத்தபடி டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எதுக்கும் மயங்காதீங்க, அதெல்லாம் எப்ப வேணா மாத்திக்கலாம். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டுக்கு கிட்டன்னா தடையில்லா சான்று வாங்கி கட்டினாங்களான்னு கேளுங்க, லோன் போடும்போது பேங்க்ல அதுதான் மாட்டும்.

பேப்பர் விஷயம் வக்கீல் பாப்பாரு, ஆனா நீங்களும் தெரிஞ்சுக்கணும். 30 வருஷத்துக்கு வில்லங்கம், தாய் பத்திரத்துலேந்து வரிசையா எல்லா பத்திரமும், விக்கிறவர் பேர்ல பட்டா, சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல். பழைய பஞ்சாயத்து அப்ரூவல் மனைன்னா 2017ல வந்த வரன்முறை திட்டத்துல ஒழுங்குபடுத்தின ஆர்டர் இருக்கணும், "அப்ளை பண்ணியிருக்கு"ங்கற பதில ஏத்துக்காதீங்க. பதிவு செலவு 2023 ஏப்ரல்லேந்து முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9, இத வீட்டு விலைக்கு மேல தனியா கையில வச்சிருங்க, லோன்ல இது பெரும்பாலும் வராது, நிறைய பேர் கடைசி நேரத்துல நகைய வச்சு கட்டுறது இதுக்குத்தான்.

கடைசியா ஒண்ணு, இதுக்கு பைசா செலவு கிடையாது. அந்த தெருவுல ரொம்ப பழைய வீடா பாத்து, வாசல்ல கோலம் போட்டிருக்குற வீடா பாத்து கதவ தட்டுங்க, "பக்கத்துல வீடு பாக்க வந்தோம், அம்மாவுக்கு கொஞ்சம் தண்ணி வேணும்"னு கேளுங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு குடுக்குற வீடு ஒண்ணாவது இருக்கும். அந்த தண்ணி கேன் தண்ணியா குழாய் தண்ணியான்னு கேட்டாலே மீதி எல்லாத்தையும் அவங்களே சொல்லிடுவாங்க, எந்த வருஷம் எவ்ளோ தண்ணி வந்துச்சு, யாரு வீட்டுல போர் வத்துச்சு, ராத்திரி நாய் தொல்லை இருக்கா, நீங்க பாத்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னு. நான் இருபது வருஷம் சைட் பாத்து சொல்றத விட அந்த பாட்டி பத்து நிமிஷத்துல சொல்றது உங்களுக்கு உதவும்.

வர்ற வாரம் மழைன்னு போட்டிருக்காங்க. மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு போங்க, பேன்ட்ட மடிச்சு விட்டுட்டு தெரு முனைலேந்து வீடு வரைக்கும் நடங்க. அந்த மீட்டர் பெட்டி உயரமும், ஹால் தரை ரோட்டுலேந்து எத்தன அடின்னும், சர்வே நம்பரும் எனக்கு சொல்லுங்க, அது ஏரிக்கு எந்த பக்கம்னு நான் பாத்து சொல்றேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் வேண்டாம்.